மீட்டர் அறைப் பூனை

மேடவாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியின் மீட்டர் அறையில் தெருப்பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. நான்தான் அதற்குச் சோறும் மீனும் வைத்துவந்தேன். ஒருநாள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கோணிப்பையோடு வந்தார்.

"நகருங்க மேடம். குட்டிங்கள ஏரிக்கரையில விட்டுடறேன்."

"முடியாது சார். இன்னும் கண்ணே திறக்கல. தாய் இல்லன்னா செத்துடும்."

"நீங்க டெனன்ட்தானே? உங்க ஓனர்கிட்ட பேசிக்கறேன்."

யாராவது குரலை உயர்த்தினாலே ஒதுங்கிப் போகிறவள் நான். அன்று கதவை மறித்து உட்கார்ந்துவிட்டேன்.

"தாராளமா பேசுங்க. காலி பண்ணச் சொன்னா இதுங்களையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த மாதமே ஓனர் காலி செய்யச் சொன்னார். அஸ்தினாபுரத்துக்குச் சாமான் ஏற்றிய வண்டியில், தாயும் குட்டிகளும் கூடையில் என் மடிமேல் வந்தன.

வீடு மாறிய அலைச்சல் மறந்துவிட்டது. ஒருவர் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல எனக்கும் வரும் என்று தெரிந்த நாள் மறக்கவில்லை.