தேவாலயச் சுவரை ஒட்டிய வீடு

2003-இல் என் கணவருக்கு இங்கிலாந்தில் இரண்டு வருட வேலை வந்தது. அப்போது நியூஜெர்சியில் இருந்தோம். மகளுக்குப் பதினோரு மாதம். இங்கிலாந்துக்குப் போக நான் ஆசைப்பட்டது ஒரே காரணத்துக்காக. அமெரிக்காவில் என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. இங்கிலாந்தில் கணவரோடு போகும் மனைவியும் வேலைக்குப் போகலாம். கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு மூன்று வருடமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி பார்த்துக் கொடுத்த வீடு ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் இருந்தது. எதையும் படித்துக்கொள்ளாமல் ஓரிடத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. மகள் தூங்கும் நேரத்தில், அந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் எழுதிவைத்திருந்த வரலாற்றை அச்செடுத்துக் கோடு போட்டுப் படித்தேன். ஐந்து வளைவுகள் கொண்ட கல்பாலம். அதற்கு முன் ஆற்றைக் கடக்க ஓடம்தான். தண்ணீரில் சக்கரம் சுழன்று மாவரைத்த ஆலை, இப்போது குடியிருப்பு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கென்று கொண்டுவந்து கொட்டிய மரக்களஞ்சியம். வெள்ளம் ஏறிய உயரங்களை ஊர் மதுவிடுதியின் சுவரில் வெட்டி வைத்திருந்தார்களாம். குழந்தையோடு போகிறோமே என்று அந்தக் கோடுகளை நினைத்து இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

ஞாயிறு காலை ஈரோட்டுக்குப் பேசும்போது, வீடு எப்படி என்று மாமியார் கேட்டார். நல்ல வீடு அத்தை என்று நிறுத்தியிருக்கலாம். நான் படித்ததை ஒப்பித்தேன். ஓடக்காரர்களுக்காகக் கட்டிய வீடு, எழுநூறு வருடத் தேவாலயத்தின் சுவரை ஒட்டியது, ஜன்னலைத் திறந்தால் பழைய கல்லறைகள், அவற்றில் எழுத்துகூட அழியவில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மாமியாரின் குரல் மாறிவிட்டது.

"பொணம் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துல பச்சக் கொழந்தய வெச்சுக்கிட்டு யாராச்சும் குடியிருப்பாங்களா? அவன்கிட்ட ஃபோனக் குடு சாமி."

கணவர் ஃபோனை வாங்கிப் பால்கனியில் நின்று பேசிவிட்டு வந்தார். போகவில்லை என்று முடிவாகியிருந்தது. வேறு வீடு பார்க்கலாமே என்றேன். அம்மா மனதில் பட்டுவிட்டது, இனி குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அதைத்தான் சொல்வார்கள் என்றார். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும்போது அமெரிக்காவை விட்டுப் போனால் அது தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"ஏங்க, இப்ப பால்கனியில நின்னு பேசினீங்களே, எதிர்ல இருக்கறது என்னங்க?"

சாலைக்கு அந்தப் பக்கம் இருந்ததும் கல்லறைத் தோட்டம்தான். மூன்று வருடமாக அதைப் பார்த்தபடிதான் துணி மடித்தேன்.

"அது அம்மாவுக்குத் தெரியாதுல்ல," என்றார். "இதை நீதான சொன்ன."

திங்கட்கிழமை, குடும்பக் காரணங்களால் இயலவில்லை என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். என் வாயால் கெட்டது என்று பல மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். கிரீன் கார்டு பேச்சை அவர் எவ்வளவு தயாராக எடுத்தார் என்பது பிறகுதான் உறைத்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும் வேறொரு காரணம் வந்திருக்குமோ? அவரிடம் இன்றுவரை கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு எந்த முகத்தோடு அவர் தட்டில் சோறு போடுவது?