சன்னலை மூடிய கை

இது நடந்தது. எந்த வருடம் என்பதில்தான் எனக்கு நிச்சயமில்லை. ஐம்பத்தெட்டாக இருக்கலாம். எனக்குச் சொன்ன பார்வதியம்மாள் சில இடங்களில் நிறுத்தி, வெகுநேரம் பேசாமலே இருந்தாள். அந்த மௌனங்களை நானாக நிரப்பியிருக்கவும் கூடும்.

குற்றாலத்துக்கு மேலே, கிராம்பு பயிரிட ஜெர்மனியிலிருந்து ஐந்து குடும்பங்கள் வந்து குடியேறியிருந்தன. ஐந்து ஓட்டு வீடுகள், ஒரு ஜெபவீடு, ஒரு கல்லறைத் தோட்டம். ஊரே அவ்வளவுதான். உலகச் சண்டைக் காலத்தில், எதிரி நாட்டுக்காரர்கள் என்று ஆண்களைப் போலீஸ் கொண்டுபோனது. மற்றவர்கள் கப்பலேறினார்கள். எலீசம்மா மட்டும் நகரவில்லை. பையனை இங்கே புதைத்திருக்கிறேன் என்றாளாம்.

கடைசிக் காலத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவள் பார்வதியம்மாள்.

"ஏட்டி, நான் செத்ததும் மொத வேலையா சன்னலைத் தொறந்திரு. எங்க ஆளுக வழக்கம். உசுரு அதுவழியாத்தான் போகணும்."

"சாரல் உள்ள அடிக்குமே, அம்மா."

"அடிக்கட்டும். எனக்கு இனிமேலா சளி பிடிக்கப்போவுது?"

பார்வதியம்மாள் சத்தியம் செய்து கொடுத்தாள்.

ஆடி மாதத்து மாலை. மணி நாலரை. எலீசம்மாவின் மூச்சு நின்றது. பார்வதியம்மாள் சன்னலைத் திறந்தாள். சாரல் கட்டில்வரை வந்தது. வாசலுக்குப் போய், தோட்டக் காவல்காரர் பிச்சைமணியைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

சன்னல் மூடியிருந்தது.

காற்றாக இருக்கும். ஆனால், கொண்டியும் போட்டிருந்தது... உள்பக்கமாக.

மறுபடி திறந்தாள். வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள்.

டக்.

ஓடிவந்து பார்த்தாள். மூடியிருந்தது. கண்ணாடியில் ஈரக் கைத்தடம். அவள் இடுப்பு உயரத்தில்.

மூன்றாம் முறை திறந்து, சன்னல் கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள். சத்தியம் செய்தாயிற்றே.

அவள் விரல்மேல் விரல்கள்...

சில்லென்று. சின்ன விரல்கள்.

இழுத்தன.

ஏதோ சொல்லி விசும்பியது. பாஷை புரியவில்லை. அழுகை புரிந்தது.

பார்வதியம்மாள் கையை எடுத்துவிட்டாள்.

டக்.

அடக்கம் முடிந்த பிறகுதான் பிச்சைமணி சொன்னார்.

"பையன் செத்த அன்னிக்கும் சாரல்தான், தாயி. அஞ்சு வயசு. எல்லாரும் சன்னலைத் தொறக்கச் சொன்னாக. அந்தம்மா தொறக்கல. கொண்டியைப் போட்டுட்டு, அதுமேலயே சாஞ்சு நின்னுட்டாக. போகவிட மாட்டேன்னு..."

பிச்சைமணி அந்த ஐப்பசியில் இறந்தார். கப்பலேறியவர்கள் யாரும் திரும்பவில்லை. வீட்டைப் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் வாங்கி, ஒரு வருடம் பூட்டி வைத்திருந்து, இடித்தார். பார்வதியம்மாள் ஆலங்குளத்தில் மகளிடம் போய்ச் சேர்ந்து, அறுபத்தாறில் காலமானாள். எலீசம்மாவும் பையனும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள்.