அணைத்து வைத்த மைக்

என் கணவர் அந்தக் கீபோர்டை வாங்கி வந்த நாளிலிருந்து கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா வீட்டில் நான் தாளம் தப்புகிறவள் ஆகிவிட்டேன். அதற்கு முன்னால் பல வருஷங்களாகப் பாடிக்கொண்டுதான் இருந்தேன். கொலுவில் பாடியிருக்கிறேன், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழாவில் பாடியிருக்கிறேன். என் தாளத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அது அரேஞ்சர் கீபோர்டு. இடது கையால் ஒரு கார்டை, அதாவது இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து, பிடித்தால் போதும். டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் தாமாகவே வாசித்துக்கொண்டு போகும். வலது கைக்குப் புல்லாங்குழலோ வயலினோ எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கல்லூரி நாட்களில் ஒரு குழுவில் வாசித்தவர். அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டிலேயே ஒரு வாத்தியக் குழு கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன்.

சேர்ந்து பாட ஆரம்பித்ததும்தான் தொல்லை தொடங்கியது. நான் சில சொற்களில் கொஞ்சம் நின்றுதான் போவேன். ஏக்கமாக ஒரு வரி இருந்தால் அதை ஓடிக்கொண்டே சொல்ல என்னால் ஆகாது. மெஷினின் டிரம்ஸ் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

"இழுக்காத. ரிதம் போய்ட்டே இருக்கு பாரு," என்பார்.

"நீங்க கொஞ்சம் பாத்து வாசிங்களேன்."

"நான் என்ன பண்றது? டெம்போ டெம்போதான்."

பாட்டில் நான் எங்கே நின்றாலும் அது தப்பு. மெஷின் எங்கே போனாலும் அது சரி. இதை ஒருநாள் இரண்டு நாள் கேட்கலாம். தினமும் கேட்டால் தொண்டை திறக்காது.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பென் டிரைவில் குரலை மட்டும் பதிந்து போட்டால், கீபோர்டு அந்தக் குரலையும் ஓட்டும், அதோடு சேர்த்துத் தன் வாத்தியங்களையும் வாசிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும், குரல் அடிக்கு அடி சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"உன் பாட்ட ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கறேன். நீ அடுப்படியில வேலையா இருக்கறப்ப நான் அத ஓடவிட்டு ப்ராக்டிஸ் பண்ணிக்குவேன். உன்ன தொந்தரவு பண்ண வேண்டாம் பாரு," என்றார்.

எனக்காகச் சொல்கிறார் என்று நம்பினேன்.

மே மாதம். கல்கத்தா புழுக்கம் எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தினார். லோக்கல் ரயில் போகிற சத்தம் விழும் என்று ஜன்னலைச் சாத்தினார். பீரோ மேல் ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதில் டிக் டிக் என்று விழுகிற அடிக்குப் பாடினேன். முதுகில் வியர்வை வழிந்துகொண்டேயிருந்தது. ஒரு இடத்தில் நின்றால் "மறுபடி" என்பார். சரணத்துக்கு முன்னால் ஒருமுறை மூச்சு முட்டி, வாயால் பெரிதாகக் காற்றை இழுத்தேன். "அது கேக்குமே, திரும்பப் பாடட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம், டைமிங் கரெக்டா வந்துடுச்சு," என்று அதையே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நான் சமையலறையில் இருப்பேன், கூடத்தில் என் குரல் பாடிக்கொண்டிருக்கும். அந்தக் குரலோடு அவர் வாசிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். முகத்தில் சிரிப்பு, தோளில் ஓர் ஆட்டம். என்னோடு வாசிக்கும்போது அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. ஒருமுறை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்து பாடினேன். கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீ பாடாத. பேலன்ஸ் கெட்டுப்போகுது."

என் பாட்டில் நானே இடைஞ்சல். அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். அடுப்பில் குழம்பு இருந்தது, போய்விட்டேன்.

பொங்கல் விழா லேக் கார்டன்ஸில் ஒரு வாடகை ஹாலில் நடந்தது. எங்களுக்கு இரண்டு பாட்டு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு மேடையில் நின்றேன். அவர் எனக்கு இடப்பக்கம் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தார். முன்னிசை ஓடியது. பல்லவியை எடுத்தேன். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது. எனக்கே ஆச்சரியம், இன்றைக்குத் தொண்டை இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று.

இரண்டாவது வரியில் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். ஸ்பீக்கரில் குரல் நிற்கவில்லை.

மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை. சரணத்துக்கு முன்னால் அந்த மூச்சு வந்தது. மே மாதத்தில், மூடிய அறையில், நான் வாயால் இழுத்த மூச்சு. ஹால் முழுக்க அது கேட்டது. என் கையில் இருந்தது அணைத்து வைத்த மைக்.

வாயை மூடிக்கொண்டேன். மைக்கை இடுப்புக்கு இறக்கினேன். என் குரல் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவர் கீபோர்டின் திரையைப் பார்த்துக்கொண்டு புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவேயில்லை. இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நின்றேன். முன்வரிசையில் எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சில பெண்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் பலமாகக் கைதட்டினார்கள். வாயே திறக்காத என்னைப் பார்த்துத் தட்டினார்கள். செயலாளர் எழுந்து, "அப்படியே சி.டி. மாதிரியே இருந்துச்சும்மா," என்றார். அந்தக் கைதட்டலும் பாராட்டும் எனக்கு அறைந்ததுபோல் இருந்தன.

நேராக ஓரத்தில் மிக்ஸர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒலி அமைப்பாளரிடம் போனேன்.

"தாதா, ஆமார் மைக்டா சொல்ச்சே நா," என்றேன். அண்ணா, என் மைக் வேலை செய்யவில்லை என்று.

"ஸார் தோ போலேச்சேன் பந்தோ ராக்தே," என்றார் அவர். சார்தான், அதாவது என் கணவர்தான், அணைத்து வைக்கச் சொன்னாராம். ஒலி அமைப்பாளர்மேல் ஒரு குற்றமும் இல்லை, சொன்னதைச் செய்தார்.

"இப்போது நான் சொல்கிறேன், ஆன் செய்யுங்கள்," என்று வங்காளியில் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார், ஆன் செய்தார்.

நான் திரும்பி வருவதற்குள் என் கணவர் இரண்டாவது பாட்டின் பொத்தானை அழுத்திவிட்டார். பதிந்த குரல் பல்லவியைத் தொடங்கியது. நானும் தொடங்கினேன், என் வேகத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நின்று. ஹாலில் ஒரே ஆளின் குரல் இரண்டு திசையில் போயிற்று. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். பதறிப்போய் எதையோ அழுத்தினார். குரல், டிரம்ஸ், எல்லாம் ஒன்றாக நின்றன.

நான் நிறுத்தவில்லை. தனியாகப் பாடி முடித்தேன். நன்றாகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் குரல் நடுங்கியது, மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கியது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடித்ததும் கைதட்டல் குறைவாகத்தான் வந்தது. ஆனால் அது எனக்கு வந்தது.

திரும்பும்போது டாக்சியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியே."

"யாரோட மானத்த? செத்த மைக்க கையில குடுத்து வாயசைக்க வச்சீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான சொல்லல."

"ரெண்டாவது சரணத்துல நீ எப்பவும் இழுப்ப. நான் அசிங்கப்படணுமா? யாருக்கும் தெரிஞ்சிருக்காது, நீ சும்மா இருந்திருந்தா."

விழாவுக்கு எங்களோடு வந்திருந்த என் மகள் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். கல்கத்தாவிலேயே வளர்ந்தவள், கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, வங்காளிதான் வரும். "அப்பா, ஏட்டா டீக் ஹொய்னி," என்றாள். இது சரியில்லை என்று. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அவர் அலுவலகம் போனதும் பென் டிரைவிலிருந்தும் கீபோர்டிலிருந்தும் என் குரலை எல்லாம் அழித்தேன். எப்படி அழிப்பது என்று தெரியாததால் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அதில் 'சிங்க் ஸ்டாப்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், இடது கையை எடுத்ததும் டிரம்ஸ் நின்றுவிடும். கையை வைத்ததும் மறுபடி கிளம்பும். பாடுகிறவள் நிற்கிற இடத்தில் கையைத் தூக்கினால் போதும். நானே செய்து பார்த்தேன். கையைத் தூக்கினேன், நின்றது. வைத்தேன், வந்தது.

சாயங்காலம் அவருக்குச் செய்து காட்டினேன்.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"தெரியும். அது கேக்க நல்லா இருக்காது. கட் ஆகி கட் ஆகி வரும்."

அணைத்த மைக்கைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம். இந்தத் 'தெரியும்' என்ற சொல் இன்னும் ஆறவில்லை. இத்தனை மாதமும் மெஷின் நிற்காது, மெஷின் நிற்காது என்று என்னைத் துரத்தினாரே, நிற்க மாட்டேன் என்றது மெஷின் இல்லை.

இப்போது நான் காகிமா என்று கூப்பிடுகிற கீழ்வீட்டு வங்காளி மாமியின் ஹார்மோனியத்தோடு பாடுகிறேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, நான் மூச்சு வாங்கும்போது துருத்தியை மெதுவாக்குகிறார். என் கணவர் இணையத்தில் யார் யாரோ பாடிய டிராக்குகளை இறக்கி வைத்துக்கொண்டு விழாக்களில் வாசிக்கிறார். நன்றாகவே வாசிக்கிறார். சித்திரை விழாவில் செயலாளர் என்னைக் காட்டி, "அம்மா ஏன் பாடல?" என்று கேட்டார்.

"அவளுக்குத் தொண்ட சரியில்ல," என்றார் இவர்.

"தொண்ட நல்லாத்தான் இருக்கு," என்றேன். "இவரோட பாடறதில்லன்னு வச்சிருக்கேன்."

செயலாளர் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டார்களா என்று பார்க்கப் போய்விட்டார். நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.