ஹெட்லைட்டில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம்

டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில் கார் ஓட்டத் தெரியாதவளுக்குக் காலே இல்லை என்று அர்த்தம். மூன்று வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். பால் தீர்ந்தால்கூடக் கணவரின் மீட்டிங் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவழியாக வேலை செய்ய அனுமதி வந்தது, ஒரு பல் மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். டிரைவிங் டெஸ்ட் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அதை விட்டால் இரண்டு மாதத்துக்கு வேறு தேதி கிடையாது. அத்தனை நாள் காத்திருக்க முடியாது என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் காரின் இரண்டு ஹெட்லைட்டிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. வைத்த பொட்டைக் கையால் அழிக்கக் கூடாதாம், தானாகப் போக வேண்டுமாம். இது என் கணவரின் சட்டம். டெக்சாஸ் வெயில் அதைக் காய்ச்சிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டவைத்துவிட்டது. கறை அசிங்கமாகத் தெரிகிறது என்று நான் சொன்னதுதான் தப்பு. மனிதர் இரண்டு வீடியோ பார்த்தார், கறையை மறைக்கக் கறுப்பு ஃபிலிம் வரவழைத்தார். புதன்கிழமை கராஜில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு குமிழிகூட இல்லாமல் தேய்த்து, என் ஹேர் டிரையரால் சூடுகாட்டிப் பொட்டின் மேலேயே ஒட்டிவிட்டார்.

"லைட்டு மங்கலா தெரியுதேங்க?"

"அதான் ஸ்டைலு. உனக்குத் தெரியாது" என்றார். போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவிலும் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, லைசென்ஸ் அலுவலகத்தில் தேர்வு நடத்தும் பெண்மணி முதலில் விளக்கைப் போடச் சொன்னார். காரின் முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. பிறகு ஜன்னலருகே வந்து, விளக்கின் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய காரில் தேர்வு நடத்த முடியாது என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். கெஞ்சினேன், வெட்கமில்லாமல் கெஞ்சினேன். அடுத்த ஆளை முதலில் பார்க்கிறேன், இருபது நிமிடத்தில் வருவேன், அதற்குள் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓரமாக நின்றிருந்த என் கணவர் ஓடிவந்து ஓரத்தை நகத்தால் நெம்பினார். ஃபிலிம் விரலளவு துண்டு துண்டாகக் கிழிந்தது.

"மெதுவா உரிக்கணும். சூடு காட்டுனாதான் கம் இளகும்" என்றார்.

"ஒட்டும்போது எங்க போச்சு இந்த புத்தி?"

ஃபிளாஸ்கில் சூடாக இருந்த பில்டர் காபியை அதன் மேல் ஊற்றினோம். சர்க்கரையும் கோந்துமாகக் கையெல்லாம் பிசுபிசுத்தது. எட்டு நிமிடம் போய்விட்டது. ஒரு விளக்கு பாதி தெரிந்தது. அடியில் அந்தச் சிவப்புப் பொட்டு. அவர் கை அங்கே நின்றுவிட்டது.

"இன்னைக்குப் போயி பொட்டை அழிக்கணுமா?"

நான் துப்பட்டாவை நனைத்து அழுத்தித் துடைத்தேன். கோந்தோடு குங்குமமும் வந்தது. அடுத்த விளக்கில் அவருடைய நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அப்போதும் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ வேலைக்குப் போகக் கூடாதுன்னு இப்படிப் பண்ணேன்னு நினைச்சுக்காத."

அதுவரை எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் தோன்றியது. அவர் கையை விலக்கினேன், கோபத்தாலா பயத்தாலா என்று இன்றும் தெரியாது. கடைசித் துண்டை நான்தான் உரித்தேன். அந்தப் பெண்மணி திரும்பி வந்து, விளக்குகளைப் பார்த்தார், என் துப்பட்டாவைப் பார்த்தார், காரில் ஏறி உட்கார்ந்தார்.

பாஸ் ஆனேன். தற்காலிக லைசென்ஸ் தாளோடு வெளியே வந்தபோது, என் கணவர் காரருகே நின்றுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே பழக்கத்தில் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு. டயர்டா இருப்ப, நான் ஓட்டறேன்."

"நீங்க இங்கயே நில்லுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

முதல் சிக்னலில் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அடுத்ததிலும் திரும்பவில்லை. பக்கத்து சீட்டில் போன் விடாமல் அடித்தது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.