பேருந்து ஓட்டும் அக்கா போட்ட வீட்டு அட்டவணை

என் அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஆறு வருடமாக ஒரே தடம். சந்தை வாசலில் கிளம்பி, பள்ளிக்கூட முனையில் திரும்ப வேண்டும். முதல் ட்ரிப் விடியற்காலை ஐந்து பத்துக்கு. பகல் ஒரு மணிக்கு வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு ஒன்றரைக்கு வீடு வந்து சேருவாள். அவள் கணவரான மாமா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். அவருக்கு இரண்டு மணிக்கு வேலை. இடையில் இருக்கிற அந்த அரை மணி நேரத்தில் இருவரும் வாசலில் நின்று சாவியையும் மகளையும் கைமாற்றிக்கொள்வார்கள்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அரையாண்டு விடுமுறையில் அவள் அந்தப் பெயரைக் காப்பாற்றினாள். இறகுப்பந்தை எடுக்க மதில்மேல் ஏறி, மறுபக்கம் விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். இடுப்புவரை மாவுக்கட்டு. அவள் வகுப்போ மூன்றாவது மாடியில்.

"வீட்டிலேயே படிக்கட்டும், ஆண்டுப் பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதட்டும்" என்றார் தலைமையாசிரியை. "பாஸானா அஞ்சாவது. இல்லேன்னா நாலாவதிலேயே இன்னொரு வருஷம்."

"இன்னொரு வருஷம்" என்பதையே அக்கா வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். காரணம் எனக்குத் தெரியும். பத்து வயதில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு வருடம் போனது. மறு வருடம் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பில் எல்லாரும் அவளைப் "பாட்டி" என்று கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருடம் அவள் பள்ளிக்கே போகவில்லை. பிறகு தனியாகப் பரீட்சை எழுதித் தேறி, ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

"அந்த பெஞ்சு இவளுக்கு வேண்டாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அப்புறம் ஒரு அட்டவணை போட்டாள். நான் பள்ளி முடித்துவிட்டு, அக்கா வீட்டிலேயே தங்கி, அடுத்து என்ன என்று தெரியாமல் காலையில் மட்டும் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே அதைப் பெரிதாக்கி எடுத்து வந்து சமையலறைக் கதவில் ஒட்டினேன். பத்தொன்பது வரிகள். 1.45 கணக்கு, 2.25 துணி உலர்த்துதல், 2.40 அறிவியல், 3.20 பாத்திரம் என்று இரவுச் சாப்பாடு வரைக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாளே எல்லாம் கலைந்தது. வகுத்தல் கணக்கு பத்து நிமிடம் இழுத்தது. அதனால் துணி மெஷினிலேயே கிடந்தது. துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வந்தால் அறிவியல் நேரம் முடிந்திருந்தது. அறிவியலைப் பிடிக்கப் போனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்காம் நாள் துணி நாற்றமெடுத்து மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. சாலையில் எவன் குறுக்கே வந்தாலும் குரலை உயர்த்தாத அக்கா, ஒரு மீதி எண்ணுக்காக மகளைப் பார்த்துக் கத்தினாள்.

மறுநாள் மாமா செருப்பை மாட்டிக்கொண்டே சீண்டினார். "டெப்போவுல உன்னை டைமுக்கு ஓட்டுற டிரைவர்னு பாராட்டுறாங்க. வீட்டுல தினமும் வண்டி லேட்டு!"

"நீங்க வேணா வந்து ஓட்டுங்க" என்று அக்கா கரண்டியை நீட்டினாள். மாமா பேக்கரிக்கு ஓட்டம் பிடித்தார்.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்த மாதிரித் தேர்வைத் திருத்தினோம். கணக்கில் வாலுவுக்கு இருபத்திரண்டு. பாஸ் மார்க் முப்பத்தைந்து. அக்கா ஈரச்சட்டை ஒன்றை உதறிக்கொண்டே நின்றாள். கட்டிலில் படுத்திருந்த வாலுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அம்மா, உன் பஸ் ஸ்கூல் முனைக்கு வந்ததும் உடனே திரும்பிடுமா?"

"அதெப்படி? ஏழு நிமிஷம் நிக்கும்."

"எதுக்கு நிக்குது?"

"வழியில லேட்டாயிருந்தா அதுல ஈடுகட்டிக்கலாம். நிக்காம ஓட்டினா ஒரு ட்ரிப்போட லேட்டு அடுத்ததுக்கும் போகும். சாயங்காலத்துக்குள்ள மொத்தமும் கெட்டுடும்."

"அப்போ நம்ம வீட்டு பஸ் எங்கேம்மா நிக்கும்?"

அக்கா கதவைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வரிகளையும் மேலிருந்து கீழாக விரலால் தடவினாள். பிறகு ஈரச்சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆறு வருஷமா நின்னு நின்னுதான்டி கிளம்புறேன். வீட்டு வாசல்ல கால் வச்சதும் மறந்து போச்சு பாரு!"

அப்போதே பழைய காகிதத்தைக் கிழித்தாள். புதியதில் ஏழே வரிகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஏழு நிமிடம் "நிற்கும் நேரம்". வேலை இழுத்தால் அந்த நேரம் அதற்குப் போகும். இழுக்காவிட்டால் அது வாலுவுக்குச் சொந்தம். கீழே சிவப்பு மையில் ஒரு விதி எழுதினாள்: லேட்டானால் ட்ரிப்பை வெட்டு, நிற்கும் நேரத்தை வெட்டாதே.

வெட்டினாள், தயவே காட்டாமல். சீருடை தவிர வேறு எதற்கும் இஸ்திரி இல்லை. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் காலுறை, ஜோடி தேட வேண்டியதில்லை. சாப்பிட்டவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும், மாமா உட்பட. தரை துடைப்பது வாரம் இரண்டு முறைதான். ஒரு நாள் மாமாவின் அக்கா வந்து மேசையை விரலால் தொட்டுப் பார்த்து, "என்னம்மா, வீடு இப்படி இருக்கு?" என்றார்.

"அண்ணி, தூசி தட்டுற ட்ரிப் இன்னைக்கு கேன்சல்" என்றாள் அக்கா. அண்ணி சிரித்துவிட்டுத் தானே துணியை எடுத்துத் துடைத்தார்.

காலையில் மாமா காய் நறுக்கும்போது வாய்ப்பாடு கேட்பார். படுத்தபடியே வாலு பாடத்தை உரக்க வாசிப்பாள், அவர் அடுப்படியிலிருந்து தப்பைத் திருத்துவார். மாமா சில சமயம் வேண்டுமென்றே தப்பாகத் திருத்துவார். அவள் சண்டைக்கு வருவாள். அந்தச் சண்டையில் பாடம் மனப்பாடமாகிவிடும்.

ஆனால் உண்மையான படிப்பு நடந்தது நிற்கும் நேரத்தில்தான். யாரும் யாரையும் அவசரப்படுத்தாத அந்த ஏழு நிமிடத்தில்தான் வாலு மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"இந்த மீதி எதுக்கும்மா? பேசாம தூக்கிப் போட்டுடலாமே."

"என் வண்டியில நாப்பது சீட்டு. நாப்பத்தாறு பேர் ஏறினா?"

"ஆறு பேர் நிப்பாங்க."

"அவங்களை ரோட்டுல இறக்கி விட்டுடுவேனா?"

வாலு கண்ணை அகல விரித்தாள். "இல்ல. அவங்களும் கூடவே வருவாங்க. அவங்கதான் மீதியா?"

அதற்குப் பிறகு அவள் மீதியைத் தொலைக்கவில்லை. அடுத்த மாதிரித் தேர்வில் நாற்பத்தொன்று வாங்கினாள். அதற்கடுத்ததில் ஐம்பத்தெட்டு. மாவுக்கட்டு பிரித்ததும் நிற்கும் நேரங்களில் நடைப்பயிற்சியும் சேர்ந்துகொண்டது. கட்டிலிலிருந்து கதவுவரை, பிறகு தெருமுனைவரை. பரீட்சைக்கு அவள் கைத்தடியோடு மூன்று மாடியும் தானே ஏறினாள்.

முடிவு வந்த அன்று அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவும் நானும்தான் வாலுவோடு போனோம். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மணி பத்து நாற்பது. அக்காவின் பேருந்து முனையில் திரும்பி நின்றது. வாலு தடியைத் தட்டித் தட்டி எங்களை முந்திக்கொண்டு போனாள்.

"எங்கே, காட்டு" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"கணக்கு எழுபத்தெட்டும்மா! அஞ்சாவது!"

அக்கா கீழே குதித்து மகளை அப்படியே தூக்கிக்கொண்டாள். கண்டக்டர் தாளைப் பிடுங்கி எல்லா மார்க்கையும் வண்டிக்குள் உரக்கப் படித்தார். ஏறியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, "கிளம்பலாமாம்மா?" என்றார்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு சார்" என்றார் கண்டக்டர். "இது அவங்க நிக்கிற நேரம்."

அக்கா வாலுவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்து ஹாரன்மேல் வைத்தாள். தெருவே அதிர்ந்தது. பள்ளியின் மேல்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். வாலு அவருக்குக் கைத்தடியை ஆட்டிக் காட்டினாள்.

வண்டி பத்து நாற்பத்தேழுக்குக் கிளம்பியது. ஒரு நிமிடம்கூட லேட்டில்லை.