கரைந்துபோகும் இழையைத் தேடி நெருப்பெரிச்சலுக்கு

எல்லோரும் திருப்பூருக்கு நல்ல துணி வாங்கப் போவார்கள். நான் போன மாதம் கெட்டுப்போகிற இழை வாங்கப் போனேன்.

எனக்கு நாகப்பட்டினம் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் வேலை. கிணற்றில் எண்ணெய் வரத்து குறைந்தால் பாறைக்குள் அமிலம் செலுத்துவோம். அமிலம் சரியான சோம்பேறி. ஏற்கெனவே திறந்திருக்கும் விரிசலிலேயே ஓடிவிடும். அதனால் நடுவில் இழையைக் கலந்துவிட்டு அந்த விரிசலை அடைப்போம், அமிலம் மற்ற பாறைக்குத் திரும்பும். பிறகு கிணற்றுச் சூட்டில் இழை தானே கரைய வேண்டும். கரையாவிட்டால் எண்ணெய் வரும் வழியை நாமே அடைத்த கதைதான். வெளிநாட்டு இழை வர மாதக்கணக்காகிறது. மக்காச்சோளத்திலிருந்து செய்யும், அதே மாதிரி கரையக்கூடிய இழை திருப்பூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

காலை எட்டரைக்குத் திருப்பூர் ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்தேன். நெருப்பெரிச்சல் ஏழெட்டு கிலோமீட்டர், 220 ரூபாய். நூல் வியாபாரி சலீம் பாய் குடோனைத் திறந்தார்.

“இந்த நூலைப் பனியனுக்குன்னு எடுத்தேனுங்க சார். டையிங் போனா துணி அப்பளமா நொறுங்கிப்போச்சு. சாயம் போட்ட பழனிச்சாமியண்ணன் ஏதோ மட்டமான கெமிக்கலைப் போட்டுட்டாருங்க. ரெண்டு வருசமா பேச்சு இல்லீங்க.”

அதற்கு முன் இருபது வருடம் ஒன்றாகத் தொழில் செய்தவர்களாம்.

பக்கத்து டையிங் லேபில், இறுக மூடிச் சூடாக்கும் சாம்பிள் மெஷின் வாடகைக்குக் கிடைத்தது. வெறும் தண்ணீரில் இழையைப் போட்டு, எங்கள் கிணற்றுச் சூடான 120 டிகிரி வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து இழை உறுதியாகவே இருந்தது. எங்களுக்கு அதுதான் வேண்டும், அமிலம் செலுத்தி முடியும்வரை அடைப்பு நிற்க வேண்டுமே. ஐந்து மணி நேரம் கழித்து எடுத்தால் விரலில் மாவாக உதிர்ந்தது. சந்தோஷத்தில் கைதட்டிவிட்டேன்.

பாய் தட்டவில்லை. “கெமிக்கலே போடலீங்களே?”

“வெறும் தண்ணிதான் பாய்.”

“பாலியஸ்டர் மாதிரியே 130 டிகிரியில சாயம் போடுங்கண்ணான்னு நாந்தானுங்க சொன்னேன்.”

என் கைதட்டலை நினைத்து எனக்கே கூச்சமாகிவிட்டது.

இதே வேலையாகப் போகிறவர்கள் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். லேபுக்கு முன்னாடியே சொல்லிவையுங்கள். நூலாக வாங்காமல் வெட்டிய இழையாகக் கேளுங்கள். நான் ஐந்து கிலோ வாங்கினேன். அமிலத்தில் எப்படி நிற்கிறது என்பதை எங்கள் லேபில்தான் பார்க்க வேண்டும். சாயங்காலம் அங்கே ஆட்டோ கிடைப்பது கஷ்டம். பாய்தான் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

வழியில் ஒரு டையிங் யூனிட் வாசலில் நிறுத்தினார். பழனிச்சாமி வெளியே வந்தார். பாய் உதிர்ந்த மாவைக் காகிதத்தோடு நீட்டினார்.

“அண்ணே, வெறும் தண்ணியில போட்டதுங்க. தப்பு எம்மேலதானுங்க.”

பழனிச்சாமி காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

“எங்க பாப்பா கல்யாணத்துக்குக்கூட நீங்க வரலீங்களே பாய்,” என்றார்.