நன்மை வாங்கப் போனவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது டீயை நீட்டினால் எனக்குக் கோபம் வரும். பூசைக்கு முன்னால் வயிறு சும்மா இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஊட்டி காந்தல் குளிருக்கு மனசு டீயைத்தான் தேடும். பக்கத்து வீட்டுப் பெண் இது தெரியாமல், குடிவந்த முதல் வாரமே சுவருக்கு மேலாக டம்ளரை நீட்டினாள்.

“வேண்டாங்க. நன்மை வாங்கப் போறேன். வந்து குடிக்கறேன்” என்றேன்.

சர்ச் பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்துக்கு நற்கருணை என்பதுதான் முறையான பெயர். எங்கள் வீட்டுப் பேச்சில் அது நன்மை. சின்ன வயதிலிருந்தே பழகிய வார்த்தை. வெளியாள் காதில் அது எப்படி விழும் என்று நான் யோசித்ததே இல்லை.

அவள் கேரட் மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். வீட்டில் மாரியம்மன் படம், வெள்ளிதோறும் விளக்கு. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். நான் ஜாக்கெட் தைக்கிறவள். எனக்கு வாய் நீளம், அதனால் தெருவில் சிநேகிதம் குறைவு. இவள் ஒருத்திதான் என் வாய்க்குப் பயப்படாமல் வந்து உட்காருவாள்.

சாமி விஷயத்தை நானாக அவளிடம் எடுத்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் போகிற வருகிறவர் கையிலெல்லாம் நோட்டீஸைத் திணிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். மண்டியில் ஏலம் கூவுகிற மாதிரி கடவுளைக் கூவக் கூடாது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லத் தெரியுமா என்பது வேறு கதை.

ஒரு சனிக்கிழமை அவளே கேட்டாள். “ஏனுங்கக்கா, நாளைக்கு நானும் உங்க கோயிலுக்கு வரட்டுங்களா?”

“தாராளமா வாங்க.” அவளே கேட்ட சந்தோஷத்தில் வேறு எதையும் விளக்க எனக்குத் தோன்றவில்லை.

தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி வந்தாள். நன்மை கொடுக்கும் நேரம் நான் எழுந்து வரிசையில் போனேன். பின்னாலேயே அவளும் வந்தாள். பாதி தூரம் போனபின் என் காதருகே சொன்னாள்:

“அக்கா, கொஞ்சம் சேர்த்துக் குடுக்கச் சொல்லுங்க. பாதிய ஊட்டுக்காரருக்கு எடுத்துட்டுப் போறேன். அவரு எந்திரிச்சு நடந்தாப் போதுங்க.”

திரும்பிப் பார்த்தேன். முடிந்துகொள்ள வசதியாக முந்தானை நுனியை விரித்துப் பிடித்திருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞானஸ்நானம் பெற்று, முதல்முறை வாங்கும் புதுநன்மைக்குப் படித்து வந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். முந்தானையில் முடிந்து கொண்டுபோவதை எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் அவளுக்கு அது பிரசாதம். கோயிலில் கொடுத்ததை, படுத்துக் கிடக்கும் புருஷனுக்குக் கொண்டுபோகாமல் தான் மட்டும் தின்கிறவள் என்ன பெண்டாட்டி? எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் மிச்சம். சாமியார் எல்லார் முன்னாலும் இவளைத் திருப்பி அனுப்பினால், இந்தக் கோயில் வாசலை இனி மிதிக்க மாட்டாள். என் வாசலையும்தான்.

“வாங்க, உக்காரலாம்” என்று அவள் கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே வந்தேன். நடுவழியில் திரும்புகிறாளே, என்ன பாவம் செய்தாளோ என்று நாலு பேர் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், “எனக்குக் குடுக்க மாட்டாங்களாக்கா?” என்றாள்.

“இல்லீங்க. இது பிரசாதம் மாதிரி இல்ல. அப்பமாத் தெரியறது ஏசுவேதான்னு நாங்க நம்பறோம். அப்படி நம்பி ஞானஸ்நானம் வாங்கினவங்கதான் சாப்பிடுவாங்க. உங்களக் கொறச்சு நெனச்சுச் சொல்றதில்லீங்க.” இவளை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “உங்களுக்குக் குடுப்பாங்கல்ல? நீங்க ஏன் வாங்கல?”

“உங்களத் தனியா உட்டுட்டா?”

அவளைச் சாமியாரிடம் கூட்டிப்போனேன். அவர் அவள் புருஷனுக்காக ஜெபித்தார். வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று அவளிடமே கேட்டார். அவள் தலையாட்டினாள். வீடு வந்ததும் வாசலில் நின்றாள்.

“அடுத்த வாரமும் வர்றனுங்க. நான் பெஞ்சுலயே இருக்கேன். நீங்க மட்டும் போய் வாங்கிட்டு வாங்க. திரும்பி வரும்போது உங்க மூஞ்சியப் பார்த்தா அது என்னன்னு தெரிஞ்சுரும்.”

எந்தப் பிரசங்கமும் என்னை இப்படிக் கலக்கியதில்லை. அந்த வாரம் நான் யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று பால்காரர் விசாரித்தார்.

ஞாயிறு வந்தது. நன்மை வாங்கித் திரும்பும்போது எப்போதும் தலைகுனிந்து வருவேன். அன்று அவளுக்காக நிமிர்ந்து வந்தேன். அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“என்னங்க தெரிஞ்சுது?”

“ஒண்ணும் சரியாத் தெரியலீங்கக்கா. இன்னும் நாலு வாரம் பார்க்கறேன்.”

நாலு வாரம் எப்போதோ கடந்துவிட்டது. அதே பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.